எட்டாம் படுக்கைப் பொய்யப்பன்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. என் கண் மேல் ஆணை. இடது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, அதற்கு இப்போது அவ்வளவு மதிப்பில்லை. வலது கண் மேல் ஆணை. நம்பாதவர்கள் தாராளமாக எழுந்து வீட்டுக்குப் போகலாம். தெருக்கோடி விளக்கு எரியவில்லை, வரும்போது பார்த்தேன். சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

யாரும் எழவில்லையா? சரி, நெருங்கி உட்காருங்கள். கதவோரம் இருப்பவர் கதவைச் சாத்துங்கள். முழுதாக வேண்டாம்... ஒரு விரல்கடை இடைவெளி இருக்கட்டும். காரணம் போகப்போகத் தெரியும்.

இது என் நண்பனுடைய சகலைக்கு நடந்தது. நண்பன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். கண்ணால் கண்டதையே இரண்டு லென்ஸ் மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்வான். அப்பேர்ப்பட்டவன் சொன்ன விஷயம். அவன் மனைவியின் தங்கையைக் கட்டியவர்தான் நம்ம ஆள்.

நல்ல இருட்டு. மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஊருக்கு வெளியே புறவழிச் சாலை... இந்தப் பக்கம் ஒரு வீடு இல்லை, அந்தப் பக்கம் ஒரு கடை இல்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. ஒரே ஒரு ஸ்கூட்டர். அதில் அவர். பின்சீட்டு காலி. இதை நினைவில் வையுங்கள். போகும்போது பின்சீட்டு காலி.

அந்தச் சாலை முடிகிற இடத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே அவருக்குத் தகவல் அறையில் உத்தியோகம். ஊசி போடமாட்டார், கத்தி எடுக்கமாட்டார், ரத்தத்தைப் பார்த்தால் அவரைத்தான் முதலில் படுக்க வைக்க வேண்டும். அந்த ஆஸ்பத்திரிக்கு ஊர் ஊராகக் கிளை. லட்சக்கணக்கில் நோயாளிகள். ஒரே மனுஷனுக்கு இங்கே ரத்தம் எடுத்திருப்பார்கள், அங்கே எக்ஸ்ரே பிடித்திருப்பார்கள், மூன்றாவது ஊரில் மாத்திரை வாங்கித் தின்றிருப்பான். மூன்றும் ஒரே ஆள்தான் என்று கண்டுபிடித்துச் சேர்ப்பது அவர் வேலை. இரண்டு ஆள் தப்பாக ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிப்பதும் அவர்தான். நாள் முழுக்கச் சலித்துக்கொண்டே இருப்பதால் அவருக்குச் ‘சல்லடை’ என்று பேர். பெண்டாட்டியே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாளாம். ‘ஊர்ல உள்ள கல்லையெல்லாம் பொறுக்குற சல்லடைக்கு நம்ம வீட்டு அரிசியில கல்லு தெரியாது.’

அவர் சலித்துக் கொடுத்த தகவல் மொத்தத்தையும் ஓர் இயந்திரம் படிக்கும். படித்துவிட்டு, இன்னாருக்கு இன்ன நேரத்தில் காய்ச்சல் ஏறும், இன்னாருக்கு விடிவதற்குள் மூச்சு முட்டும் என்று முன்கூட்டியே சொல்லும். ஆஸ்பத்திரியில் அதற்கு வைத்த பேர் ஜோசியர். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்கார ஜோசியர். எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. சகலைகள் இருவருக்கும் பொதுவான மாமியார் ஒருமுறை சாதாரணக் கால்வலி என்று வந்தபோது, டாக்டருக்கே தெரியாத சமயத்தில், ‘இந்த அம்மா ரத்தத்தில் விஷக்கிருமி ஏறுகிறது’ என்று சொல்லிப் பிழைக்க வைத்தது. அந்த இயந்திரத்தை என் நண்பன் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இப்போது பொய்யப்பனுக்கு வருகிறேன்.

ஜோசியரை முதன்முதலில் நிறுவியபோது எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு நோயாளி தேவைப்பட்டான். நிஜ ஆளை வைத்து விளையாட முடியுமா? அதனால் சல்லடையே உட்கார்ந்து ஒரு பொய் ஆளைப் படைத்தார். மேல்மாடிக் கோடி வார்டில் ஏழு படுக்கைதான் உண்டு. இவனுக்கு எட்டாம் படுக்கை. இல்லாத ஆளுக்கு இல்லாத படுக்கை, நியாயம்தானே? பிறந்த தேதி கேட்டது. யோசிக்கச் சோம்பல், தன்னுடையதையே போட்டார். ரத்த வகை கேட்டது. அதற்கும் தன்னுடையதே. வீட்டு முகவரி, உறவினர், இரண்டையும் காலியாக விட்டார். இல்லாதவனுக்கு வீடு எதற்கு, உறவு எதற்கு.

அன்று வேலை முடிந்ததும் அவனை அழித்திருக்க வேண்டும். ஆனால் உங்களுக்குத் தெரியும், ஒரு வசதியான பொய் கையில் இருந்தால் யாரும் அதைத் தூக்கிப் போடுவதில்லை. ரத்தப் பரிசோதனைக்காரர்கள் புது மெஷின் வாங்கினார்கள், ‘பொய்யப்பன் மேல ஏத்திப் பாரு’ என்று சர்க்கரையை ஏற்றினார்கள். இதயப் பிரிவு வந்தது, மாரடைப்பை ஏற்றியது. பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் பாம்புக்கடியை ஏற்றினார்கள். தொற்றுநோய்ப் பிரிவு, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் காய்ச்சல் ஒன்றைக் கொடுத்துத் தனிமையில் போட்டது. பிரசவப் பிரிவு ஆறு மாதக் கர்ப்பத்தையும் ஏற்றிவிட்டது. ‘ஆம்பளைக்கு எப்படிம்மா?’ என்று சல்லடை கேட்டதற்கு, ‘டெஸ்ட்தானே சார், உங்களுக்கா வலிக்கப்போகுது?’ என்று சிரித்தார்களாம்.

ஒன்றைக் கவனியுங்கள். நோயை ஏற்றிச் சோதிக்க எல்லாருக்கும் வேலை இருந்தது. குணத்தை ஏற்றிச் சோதிக்க ஒருத்தருக்கும் வேலை இல்லை. ஏறினதா, சரி, என்று திரையை மூடிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அவன் அங்கேயே கிடந்தான். வருஷக்கணக்காக. ஒருநாள்கூடத் தேறாமல், ஒருநாள்கூடச் சாகாமல்.

வினை எங்கே வந்தது என்றால், ஜோசியர் அவனையும் படித்துக்கொண்டிருந்தார். ஜோசியருக்கு எது நிஜம், எது பொய் என்று யார் சொன்னது? ஒருநாள் ஒரு லாரி டிரைவரை நெஞ்சுவலி என்று கொண்டுவந்தார்கள். அதே வயசு, அதே ரத்த வகை. ஜோசியர் சாவகாசமாகச் சொன்னது: ‘பயமில்லை. இந்த மாதிரி ஆள் எதையும் தாங்குவார்.’ எல்லாரும் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். தற்செயலாக ஒரு டாக்டரம்மா திரும்பிப் பார்த்ததால் டிரைவர் பிழைத்தார். மயிரிழை.

பெரிய டாக்டர் சல்லடையைக் கூப்பிட்டுவிட்டார்.

“யோவ் சல்லடை, யாருய்யா இந்த எட்டாம் படுக்கை?”

“அது... நம்ம பொய்யப்பன் சார்.”

“மாரடைப்பு, பாம்புக்கடி, ரெண்டு கிட்னியும் போச்சு, அதுக்கு மேல கர்ப்பம். ஆளு இன்னும் இருக்கானா?”

“நாடி நல்லாத்தான் சார் இருக்கு.”

“என் நாடிதான்யா நிக்கப்போகுது! விடிஞ்சதும் நம்ம தகவல் எல்லாத்தையும் மத்த ஆஸ்பத்திரிங்களோட சேக்கப் போறாங்க. இவனும் கூடப் போனான்னா ஊரு பூரா ஜோசியம் கெட்டுடும். ராத்திரியோட ராத்திரியா அவனைத் தீர்த்துடு.”

தீர்த்துடு. அந்த வார்த்தையைத்தான் சொன்னார். அதனால்தான் நம்ம ஆள் அந்த நேரத்தில் அந்தச் சாலையில் போனார்.

ஓர் ஆளை அங்கே நினைத்த மாத்திரத்தில் அழிக்க முடியாது. படுக்கைக்குப் பக்கத்தில் நின்று, நோயாளியின் கைப்பட்டையைத் திரையில் காட்டினால்தான் கணக்கை முடிக்கலாம். முன்பெல்லாம் பட்டையை மேஜையில் ஒட்டிவைத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லா நோயாளியையும் பார்த்துவிட்டதாகச் சிலர் கணக்குக் காட்டினார்கள். அதனால் புதுப் பட்டை வந்தது. நாடி துடிக்கிற கையில் மாட்டினால்தான் ஒத்துக்கொள்ளும். மாட்டினால் தானாகக் கழலாது, வெட்ட வேண்டும். வெட்டுகிற கத்தரி நர்ஸ் மேஜையில்.

பொய்யப்பனுக்கு ஏது கை?

சல்லடைக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையா? பொய்யப்பன் பேருக்கு ஒரு பட்டை அச்சடித்தார். செல்போனைக் கீழே சார்ஜில் செருகினார். லிஃப்டில் ஏறி மேல்மாடிக்குப் போனார்.

கோடி வார்டை வெள்ளையடிப்பதற்காக மூடி வைத்திருந்தார்கள். படுக்கைகளையெல்லாம் வெளியே எடுத்துவிட்டார்கள். வெறும் கூடம். ஒரே ஒரு குழல்விளக்கு... அதுவும் இமைத்துக்கொண்டு. தரையெல்லாம் சுண்ணாம்புப் பொட்டு. சுவரில் ஒரு திரை, பக்கத்தில் ஓர் இன்டர்காம். ஈரச் சுண்ணாம்பு வாசனை. நடந்தால் செருப்புச் சத்தம் போய்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

திரைக்கு முன்னால் போய் நின்றார். பட்டையைத் தன் கையில் மாட்டினார். ‘சட்’ என்று பூட்டிக்கொண்டது. திரையில் காட்டினார்.

‘கணக்கை முடிக்கவா?’ என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. பச்சை எழுத்தில் வந்தது:

‘நோயாளி கிடைத்துவிட்டார்.’

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாக எட்டாம் படுக்கை ஆளைப் படுக்கையில் காணோம், காணோம் என்றுதானே ஜோசியர் எழுதிக்கொண்டிருந்திருப்பார்!

பின்னால்... டக்.

கதவு. தொற்றுநோய் ஆளில்லையா? தனிமை. உள்ளே இருப்பவர் வெளியே போகக்கூடாது.

ஓடிப்போய் இழுத்தார். அசையவில்லை. தன் உத்தியோக அட்டையைக் காட்டினார். சிவப்பு விளக்கு. தோளால் இடித்தார். தோள்தான் வலித்தது. பட்டையைப் பல்லால் கடித்தார். பல்தான் ஆடியது. ஜன்னலுக்குப் போனார். கம்பி. கீழே வண்டி நிறுத்துமிடம், நனைந்த தரை, தன் ஸ்கூட்டர். கையெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரிந்தது. கத்திப் பார்த்தார். குரல் கூடத்துக்குள்ளேயே சுற்றிவிட்டு அவரிடமே வந்து சேர்ந்தது.

இன்டர்காமை எடுத்தார். இரவு நர்ஸ். அன்றுதான் வேறு கிளையிலிருந்து மாற்றலாகி வந்த அம்மாள். தேனாய்ப் பேசுகிற குரல்.

“சொல்லுங்க எட்டாம் படுக்கை.”

“அம்மா, நான் படுக்கை இல்லம்மா. தகவல் ரூம்ல வேலை பாக்குறவன். கதவு மூடிக்கிச்சு.”

“சரி சார். பதட்டப்படாதீங்க.”

“நான் நோயாளியே இல்லம்மா!”

“ஆமா சார், இப்ப அப்படித்தான் சொல்வீங்க. ‘நோயாளி இல்லைன்னு சாதிப்பார், தகவல் அறை ஊழியர்னு சொல்வார்’னு ஜோசியர் சாயங்காலமே போட்டுட்டார்.”

“சாயங்காலமேவா?”

“காய்ச்சல் முத்தினா குழப்பம் வரும் சார். நீங்க இத்தனை வருஷமா ஒரு மருந்துகூட எடுத்துக்கலையாமே. எல்லாம் பாக்கி நிக்குது. சர்க்கரைக்கு, இதயத்துக்கு, விஷமுறிவுக்கு... அடடே, பிரசவத்துக்குக்கூட எழுதியிருக்காங்களே. எல்லாத்தையும் வண்டியில அடுக்கிட்டு வர்றேன். மொத்தமா ஏத்திடலாம். படுத்து ரெஸ்ட் எடுங்க.”

“அம்மா, அதெல்லாம் ஏத்தினா நான் செத்துப்போயிடுவேம்மா!”

“சாக மாட்டீங்க சார்,” என்றாள் அந்த அம்மாள் அன்பாக. “நீங்க எதையும் தாங்குவீங்கன்னு போட்டிருக்கு.”

லைன் துண்டானது.

நிலைமை புரிகிறதா? தூக்கமருந்தோடு ஓர் ஊசி என்றால் பரவாயில்லை. ஓர் ஆஸ்பத்திரி மொத்தமும் சேர்ந்து வருஷக்கணக்காக ஒருத்தனுக்கு எழுதிவைத்த மருந்து, ஒரே ராத்திரியில், நல்ல உடம்பில். அந்த வண்டி வருவதற்குள் இவர் வெளியே போயாக வேண்டும்.

ஓரடி பின்னால் வைத்தார்... முழங்காலுக்குப் பின்னால் ‘ணங்’ என்று இரும்பு.

கட்டில்.

அந்தக் கூடத்தில் கட்டிலே கிடையாது. முன்பே சொன்னேன். ஆனால் கைக்கு இரும்புச் சட்டம் பட்டது. ஜில்லென்று. கொஞ்சம் மேலே மெத்தை. மெத்தை... சூடு. இப்போதுதான் ஒருத்தர் எழுந்த மாதிரியான சூடு. சுண்ணாம்பு வாசனையைக் காணோம். அதன் இடத்தில் வேறொன்று. ரொம்ப நாள் படுத்தவரின் தலையணை வாசனை. எண்ணெய்ப் பிசுக்கு, வியர்வை, கசந்த மாத்திரை. உங்களில் நோயாளியோடு தங்கியவர்களுக்குத் தெரியும்.

திரையில் நாடி ஓடிக்கொண்டிருந்தது. தடதடதடவென்று ஒரு கோடு, அது இவருடையது. அதற்குக் கீழே... இன்னொரு கோடு. மெதுவாக. நிதானமாக. ஒன்று... பிறகு... ஒன்று. எந்த அவசரமும் இல்லாத நாடி. காத்திருந்து காத்திருந்து பழகிப்போனவனின் நாடி.

செத்தவன் பேயாக வந்தால் அதில் என்ன அதிசயம்? அது அவன் உரிமை. பிறக்காதவன் வந்தால்தான் என்ன செய்வது என்று ஒருத்தருக்கும் தெரியாது.

சல்லடைக்கும் தெரியாது. ஆனாலும் தொழில்காரர். திரையை விட்டால் வழியில்லை என்று தெரியும். ஓர் ஆள் ஆஸ்பத்திரியை விட்டுப் போக மூன்றே வாசல்தான். முதல் வாசல், குணமானார். அழுத்தினார். ‘குணமானதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை’ என்றது. அதுவும் வாஸ்தவம்தானே.

இரண்டாம் வாசல், இறந்தார்.

விரல் தயங்கியது. பட்டை இருப்பது தன் கையில். ஆனால் வெளியே, தாழ்வாரத்தின் கடைசியில், கிறீச்... கிறீச்... ஒரு சக்கரத்துக்கு எண்ணெய் இல்லாத மருந்து வண்டி. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

திரை எழுதியது:

‘நாடி நிற்கும்வரை காத்திருக்கவும்.’

இரண்டு கோட்டில் ஒன்று தளர ஆரம்பித்தது. எந்தக் கோடு என்று கேட்கிறீர்கள். கீழ்க்கோடு அல்ல. அது தன்பாட்டுக்கு ஒன்று... பிறகு... ஒன்று. மேல்கோடு. தடதட என்றிருந்தது தட் தட் ஆயிற்று. தட்... தட். சல்லடைக்கு விரல் நுனி மரத்தது. குழல்விளக்கு தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. ரத்து செய் என்ற பொத்தானைத் தேடி, எப்படி அடித்தார் என்று அவருக்கே தெரியாது. அடித்துவிட்டார். மேல்கோடு திடுக்கென்று எழுந்து ஓடியது.

கிறீச். கிறீச். வண்டி பாதித் தாழ்வாரம் வந்துவிட்டது.

அப்போதுதான் காதோரம்... காற்று மாதிரி... ரொம்பக் களைத்த குரல்.

“அண்ணே. வீட்டுக்குப் போலாமா?”

அவ்வளவுதான். கழுத்தைப் பிடிக்கவில்லை, கண்ணை உருட்டவில்லை. உடம்புக்கு முடியாத பிள்ளை கேட்கிற மாதிரி ஒரு கேள்வி.

சல்லடை அழுதாராம். பயத்தில் என்றுதான் நண்பனிடம் சொன்னார். எனக்கு அதில் சந்தேகம் உண்டு.

மூன்றாம் வாசல் ஒன்று இருந்தது. ‘உறவினர் தம் பொறுப்பில் அழைத்துச் செல்கிறார்.’ அதை அழுத்தினார். ‘உறவினர் யார், என்ன உறவு?’ என்றது. அந்த அவதியிலும் மனுஷனுக்குக் குடும்பப் புத்தி போகவில்லை. தன் தலையில் விழுவதைச் சகலை தலையில் கட்டுவது உலகத்தில் இல்லாததா? என் நண்பன் பேரைப் போட்டு, உறவு என்ற இடத்தில் ‘சகலை’ என்று அடித்தார்.

திரை சொன்னது: ‘அப்படி ஒரு உறவு எங்களிடம் இல்லை.’

இதைச் சொல்லும்போது நண்பன் ரொம்பத் திருப்தியாகச் சிரிப்பான்.

கிறீச். வண்டி கதவுக்கு வெளியே நின்றது. பூட்டில் அட்டை வைக்கும் சத்தம். கண்ணாடிப் புட்டிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். சல்லடை தன் பேரையும் தன் வீட்டு முகவரியையும் போட்டார். உறவு என்ற இடத்தில், அந்தக் குரல் எப்படிக் கூப்பிட்டதோ அப்படியே அடித்தார்: அண்ணன்.

திரையில் தானாகவே ஒரு கேள்வி: ‘பிறந்த தேதி ஒன்று. ரத்த வகை ஒன்று. இரட்டைப் பிள்ளைகளா?’

என்ன சொல்ல முடியும்? யோசிக்கச் சோம்பல்பட்ட அன்றைக்கே அந்தப் பிரசவம் ஆகிவிட்டதே. ‘ஆமாம்’ என்றார்.

கைப்பட்டை தானாக அவிழ்ந்து கீழே விழுந்தது. தானாக அவிழாத பட்டை.

கதவு திறந்தது. வண்டியோடு அந்த அம்மாள். வண்டி நிறைய ஊசி. சல்லடையைப் பார்த்தாள், பிறகு அவருக்குப் பக்கத்தில் பார்த்தாள்.

“அண்ணன் வந்துட்டீங்களா? முன்னாடியே வந்திருக்கக்கூடாதா சார்? இத்தனை வருஷமா எட்டிப் பாக்க ஆளில்லாமக் கிடந்திருக்காரே.” அப்புறம் சிரித்தாள். “அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கீங்க ரெண்டு பேரும். மெதுவாக் கூட்டிட்டுப் போங்க. படியில வேணாம், லிஃப்ட்ல போங்க.”

சல்லடை பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்களாக இருந்தால் பார்ப்பீர்களா? லிஃப்டில் கண்ணாடி இருந்தது. அண்ணாந்து விளக்கையே பார்த்துக்கொண்டு இறங்கினார்.

ஸ்கூட்டரை உதைத்தார். கிளப்புவதற்கு முன்னால் பின்பக்கம் லேசாக அமுங்கியது... டயர் ஒரு பெருமூச்சு விட்டது. அந்தப் புறவழிச் சாலை முழுக்க அவர் முதுகில் ஒரு சூடு. மேடு பள்ளம் வந்தால் தோளில் ஒரு பிடி. கர்ப்பம் வேறு இருக்கிறதே என்று வேகத்தடையில் மெதுவாகவே போனாராம். இல்லாதவன் என்றாலும் ஒரு மரியாதை இருக்கிறதல்லவா.

வீட்டுக்கு வந்தார். பெண்டாட்டி தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறந்தாள். இவர் குனிந்து உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்தப் போனார்.

“என்னங்க இது, அறிவிருக்கா? கூட வந்தவரை வெளியில நிக்க வச்சிட்டுக் கதவைச் சாத்துறீங்க?” வாசலைப் பார்த்துச் சொன்னாள்: “உள்ள வாங்க. கால் வீங்கியிருக்கே, பார்த்து...”

இப்போது தெரிகிறதா, கதவை முழுதாகச் சாத்த வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்று? வெளியே யாராவது நிற்பார்கள். பாவம்.

விடிந்ததும் ஆஸ்பத்திரியில் பார்த்தால் எட்டாம் படுக்கை காலி. சுத்தமாகத் துடைத்த மாதிரி. ஊரெல்லாம் தகவல் சேர்ந்தது, ஜோசியம் பலித்தது. பெரிய டாக்டர் சல்லடையின் முதுகில் தட்டிக் கொடுத்தார். தட்டின கையை எடுத்து ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ‘உனக்குக் காய்ச்சலாய்யா?’ என்றார்.

அதோடு விட்டதா? உறவினர் பொறுப்பில் அனுப்பிய நோயாளியைப் பற்றி வீட்டுக்குச் செய்தி அனுப்புவது அந்த ஜோசியரின் வழக்கம். சல்லடையின் செல்போனில் வந்தது: ‘உங்கள் தம்பிக்குச் சர்க்கரை சரியாகிவிட்டது. வாழ்த்துகள்.’ அந்த வாரம் சல்லடைக்குத் தாகமான தாகம். சோதித்தார்கள். சர்க்கரை. கொஞ்ச நாள் கழித்து, ‘உங்கள் தம்பியின் இதயம் தேறிவிட்டது.’ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சல்லடை வாசற்படியில் உட்கார்ந்தார். தோட்டத்தில் பாம்பு கடித்தது. பாம்பே இல்லாத தோட்டம். ஒன்றுவிடாமல் தம்பி இறக்கிவைக்க இறக்கிவைக்க, அண்ணன் சுமக்கிறார். நாடிமட்டும் குறையில்லை. எதையும் தாங்குகிறார். மெதுவாக... ஒன்று... பிறகு... ஒன்று.

இப்போது வீட்டில் நடமாடுவது அந்தத் தம்பிதான். திடமாக இருக்கிறான். காய்கறி வாங்கி வருகிறான், அரிசியில் கல் பொறுக்குகிறான். சல்லடையின் பெண்டாட்டிக்கு வெகு திருப்தி. அண்ணன் உள்ளறையில் படுத்திருக்கிறார். எழுந்து வந்தால் கதவு திறப்பதில்லை. நோய்கள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன, பிரசவம் ஒன்றுதான் இன்னும் பாக்கி. அதை நினைத்துத்தான் ராத்திரியில் அவருக்குத் தூக்கம் வருவதில்லையாம்.

நம்பமாட்டீர்கள் என்று தெரியும். நாளைக்கே போய் என் நண்பனைக் கேளுங்கள். கண்ணாடிக் கடை மாடியில் தனியாகத்தான் குடியிருக்கிறான். அவன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.